பெயர் மட்டும் டூர் போனது

1969-ல் அமெரிக்காவில் 'தி ஜோம்பீஸ்' என்ற இங்கிலாந்து ராக் குழு ஊர் ஊராகக் கச்சேரி செய்துகொண்டிருந்தது. ரேடியோவில் ஓயாமல் அவர்கள் பாட்டு. ஆசையாக டிக்கெட் வாங்கி உள்ளே போனால் மேடையில் நாலு பேர். வாயைத் திறந்தால் டெக்ஸாஸ் வாடை. விளம்பர போட்டோவில் கௌபாய் தொப்பி வேறு. இங்கிலாந்துக்காரர்களுக்கு எதற்கு கௌபாய் தொப்பி என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஒரே ஒரு சின்னச் சிக்கல். அந்த நாலு பேரில் ஒருவர்கூட ஜோம்பீஸ் இல்லை. நிஜ ஜோம்பீஸ் ஐந்து பேர். குழுவைக் கலைத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதன் பாடகர் லண்டனில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா வேலைக்கே போய்விட்டு வந்திருந்தார்.

இந்தக் கதையை முதலில் படித்தபோது நன்றாகச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் எங்கேயோ உறுத்தியது. ஏன் உறுத்தியது என்று பிறகு சொல்கிறேன். முதலில் அவர்கள் கதை.

லண்டனுக்கு வடக்கே இருபது மைலில் செயின்ட் ஆல்பன்ஸ். பழைய கதீட்ரல் உள்ள ஊர். அந்தக் கதீட்ரலில் சின்ன வயதில் கொயரில் பாடிய பையன் ராட் ஆர்ஜென்ட். 1961-ல் சில ஸ்கூல் பையன்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு குழு ஆரம்பித்தான். பதினைந்து, பதினாறு வயது. முதல் ஒத்திகைக்கு காலின் பிளன்ஸ்டோன் என்ற பையன் ரக்பி ஆடி மூக்கு உடைந்து, கட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். அவன் கிடார் வாசிப்பதாகவும் ஆர்ஜென்ட் பாடுவதாகவும் ஏற்பாடு. இடைவேளையில் ஆர்ஜென்ட் சும்மா பியானோவைத் தட்ட, அடுத்தவர்கள் அசந்து போனார்கள். மூக்குடைந்தவன் சும்மா ஒரு பாட்டை முணுமுணுக்க, அதற்கும் அசந்து போனார்கள். அப்படியே இடம் மாற்றிக்கொண்டார்கள். உலகத்தின் சிறந்த ராக் குரல்களில் ஒன்று டீ குடிக்கும் நேரத்தில் கண்டுபிடிக்கப்பட்டது.

ஜோம்பீஸ் என்று பேர் வைத்தது பால் ஆர்னல்ட் என்ற முதல் பேஸ் கிடார்காரர். வைத்துவிட்டு, இதெல்லாம் சரிப்பட்டு வராது என்று குழுவை விட்டுப் போய் டாக்டருக்குப் படித்தார். அவருக்குப் பதிலாக கிறிஸ் ஒயிட் வந்தார். கிடாருக்கு பால் அட்கின்சன், டிரம்ஸுக்கு ஹ்யூ கிரண்டி. பேர் வைத்தவர் இல்லாமலே பேர் மட்டும் தங்கிவிட்டது. இந்தக் குழுவின் ஜாதகத்தில் அன்றைக்கே அப்படி எழுதியிருந்தது போலிருக்கிறது.

1964-ல் ஜில்லா அளவில் ஒரு போட்டி நடந்தது. ஜெயித்தார்கள். டெக்கா கம்பெனி ஒப்பந்தம் போட்டது. இரண்டு வருஷம் முன்பு பீட்டில்ஸை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய அதே டெக்கா. ஒரு தடவை சூடு பட்டால் யாரும் உஷாராகத்தானே இருப்பார்கள்!

முதல் பாட்டு 'ஷீஸ் நாட் தேர்'. ஆர்ஜென்ட் எழுதியது. ஒலிப்பதிவு அன்று என்ஜினீயர் ஏதோ கல்யாணத்தில் நன்றாகக் குடித்துவிட்டு வந்து நிற்கவே முடியவில்லை. கைத்தாங்கலாக டாக்ஸியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பக்கத்தில் இருந்த உதவியாளப் பையன் பொறுப்பை எடுத்துக்கொண்டான். அவர் பேர் கஸ் டட்ஜன். பிற்பாடு எல்டன் ஜானின் பெரிய ஆல்பங்களைத் தயாரித்தவர்.

அந்தப் பாட்டு இங்கிலாந்தில் பன்னிரண்டாவது இடத்தோடு நின்றுவிட்டது. அமெரிக்காவில் இரண்டாவது இடம். அடுத்த வருஷம் 'டெல் ஹெர் நோ' அமெரிக்காவில் ஆறாவது இடம், உள்ளூரில் நாற்பதைத் தாண்டி எங்கேயோ. ஆரம்பத்திலிருந்தே அவர்களுக்கு வெளியூர் மாப்பிள்ளை யோகம்தான். சொந்த ஊரில் 'நம்ம பசங்க, நல்லா படிப்பாங்க' என்பதோடு சரி. பத்திரிகைகளும் இவர்கள் பரீட்சையில் எவ்வளவு பாஸ் செய்திருக்கிறார்கள் என்பதைத்தான் எழுதின. ராக் பாடுகிறவனுக்கு இதைவிடக் கெட்ட விளம்பரம் கிடையாது.

1964 கிறிஸ்துமஸுக்கு நியூயார்க் போனார்கள். புரூக்ளின் ஃபாக்ஸ் தியேட்டரில் முர்ரே த கே என்ற ரேடியோ பிரபலம் நடத்திய கிறிஸ்துமஸ் ஷோ. அந்தக் காலத்து டூர் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு குழுவுக்கு இரண்டு மணி நேர மேடையெல்லாம் கிடையாது. பத்து, பன்னிரண்டு பேர் வரிசையில் நிற்பார்கள். ஆளுக்கு இரண்டு மூன்று பாட்டு. காலையில் ஆரம்பித்து ராத்திரி வரை அதையே திரும்பத் திரும்ப ஐந்தாறு ஷோ. இவர்களோடு பென் ஈ. கிங், ஷிரெல்ஸ் என்று இவர்கள் ரிக்கார்டு வாங்கி வைத்துக் கேட்ட ஆட்கள் எல்லாம் அதே மேடையில். பத்தொன்பது வயதில் நேற்று வரை ரேடியோவில் கேட்ட குரல் பக்கத்து மேக்கப் ரூமிலிருந்து வந்தால் எப்படி இருக்கும்! அடுத்த வருஷம் டிக் கிளார்க்கின் கேரவனோடு பஸ்ஸில் அமெரிக்காவைச் சுற்றினார்கள்.

அதற்குப் பிறகு இறக்கம். ஒன்றன் பின் ஒன்றாகப் பாட்டுகள் விழுந்தன. இந்த நிலையில்தான் 1967-ல் பிலிப்பைன்ஸ் போனார்கள்.

அதற்கு எட்டு மாசம் முன்பு, 1966 ஜூலையில், பீட்டில்ஸ் மணிலா போய் பட்ட பாடு ஊரறிந்தது. அதிபரின் மனைவி இமெல்டா மார்கோஸ் கொடுத்த விருந்துக்குப் போகவில்லை என்று விமான நிலையத்தில் தள்ளுமுள்ளு, உதை. அந்த ஊருக்கு இவர்கள் போனார்கள். காரணம் எளிமையானது. கையில் வேறு வேலை இல்லை. யாரோ ஏற்பாடு செய்தார்கள். சின்ன ஹோட்டலில் நாலு நாள் வாசிக்க வேண்டியிருக்கும் என்பது போலத்தான் நினைத்துக்கொண்டு போனார்கள்.

இறங்கினால் ஏர்போர்ட்டில் ஜனவெள்ளம். நம்மோடு ஃப்ளைட்டில் யாரோ பெரிய ஆள் வந்திருக்கிறார் போலிருக்கிறது என்று திரும்பிப் பார்த்ததாகப் பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். பெரிய ஆள் இவர்கள்தான்! சொந்த ஊரில் செத்துப்போன பாட்டெல்லாம் அங்கே ஹிட். கச்சேரி நடந்த இடம் கேஸோன் சிட்டியில் உள்ள அரனேட்டா கொலிஸியம். அன்றைக்கு உலகத்தின் மிகப் பெரிய கூரை போட்ட அரங்குகளில் ஒன்று. அது நிரம்பி வழிந்தது. ராத்திரிக்கு ராத்திரி ஆயிரக்கணக்கில் கூட்டம்.

சம்பளம்? ஒரு ராத்திரிக்கு நூறு பவுண்டுக்குள். தலைக்கு இல்லை, ஐந்து பேருக்கும் சேர்த்து.

மேடையிலிருந்து கூட்டத்தைப் பார்த்து மனக்கணக்குப் போட்டிருப்பார்கள். டிக்கெட் இத்தனை, தலை இத்தனை, பெருக்கினால் இத்தனை. அதில் நமக்கு வந்தது இவ்வளவு. பீட்டில்ஸுக்கு அந்த ஊரில் அடி விழுந்தது. இவர்களுக்கு அன்புதான் கிடைத்தது. பணம் வேறு யாருக்கோ போனது. எந்த அடி வலிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நமக்கு எங்கே எவ்வளவு பேர் இருக்கிறது என்பதே நமக்குத் தெரியாது, தெரிந்தவன் அதை விற்றுக் காசாக்கிவிடுகிறான் என்ற பாடத்தோடு ஊர் திரும்பினார்கள்.

கடைசியாக ஒரு ஆல்பமாவது நம் இஷ்டப்படி செய்துவிட்டுப் பிரிவோம் என்று முடிவு செய்தார்கள். டெக்காவை விட்டு சி.பி.எஸ். கம்பெனி. பட்ஜெட் ஆயிரம் பவுண்டு. 1967 ஜூனில் அபே ரோடு ஸ்டூடியோவில் நுழைந்தார்கள். பீட்டில்ஸ் 'சார்ஜென்ட் பெப்பர்' முடித்துவிட்டுப் போயிருந்த நேரம். ஜான் லென்னன் அங்கேயே விட்டுப் போயிருந்த மெல்லோட்ரான் என்ற கீபோர்டை எடுத்து வாசித்ததாக ஆர்ஜென்ட் சொல்கிறார். பணம் குறைவு, அதனால் நேரமும் குறைவு. வெளியிலேயே ஒத்திகை பார்த்து முடித்துவிட்டு ஸ்டூடியோவுக்குப் போவார்கள். எல்லாம் முடிந்த பிறகு கம்பெனி, 'ஸ்டீரியோவிலும் வேண்டும்' என்றது. பட்ஜெட் தீர்ந்துவிட்டது. ஆர்ஜென்ட்டும் ஒயிட்டும் சொந்தப் பணத்தைப் போட்டார்கள்.

அவர்களால் ஏன் போட முடிந்தது என்பதில்தான் பிரிவுக்கான காரணமும் இருக்கிறது. பாட்டு எழுதியவர்கள் அவர்கள் இரண்டு பேர். எழுதியவனுக்கு ராயல்டி வரும். வாசித்தவனுக்கும் பாடியவனுக்கும் கச்சேரிப் பணம்தான். கச்சேரி நின்றால் அடுப்பு அணைந்துவிடும். ஒரே வேன், ஒரே மேடை, ஒரே குழு; ஆனால் பாங்க் பாஸ்புக்கில் இரண்டு ஜாதி. நிறைய குழுக்கள் உடைந்ததற்குக் 'கருத்து வேறுபாடு' என்று காரணம் சொல்வார்கள். பாதி கேஸில் இதுதான் கருத்து, இதுதான் வேறுபாடு.

ஆல்பத்தின் பேர் 'ஒடிஸி அண்ட் ஆரக்கிள்'. அட்டைப்படம் வரைந்த நண்பர் ஒடிஸி என்ற வார்த்தையில் 'ஒய்' வரவேண்டிய இடத்தில் 'ஈ' போட்டுவிட்டார். கவனித்தபோது காலம் கடந்துவிட்டது. வேண்டுமென்றேதான் அப்படி எழுதினோம், அதில் ஒரு சிலேடை இருக்கிறது என்று பல வருஷம் கதை விட்டார்கள். ப்ரூஃப் பார்க்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த உத்தி புதிதல்ல.

ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'டைம் ஆஃப் த சீஸன்'. ஆர்ஜென்ட் அவசரமாக எழுதி முடித்த பாட்டு. இந்த இடத்தில் இப்படி இழு, அந்த இடத்தில் அப்படி நிறுத்து என்று அவர் நச்சரிக்க, பிளன்ஸ்டோனுக்குக் கோபம் வந்து, அவ்வளவு தெரிந்தால் நீயே வந்து பாடேன் என்று கத்தியிருக்கிறார். அப்புறம் சமாதானமாகிப் பாடினார். அந்தக் குரலில் எரிச்சலின் சுவடே இல்லை. மாறாக ஒரு சோம்பலான சுகம். நீங்கள் ஹாலிவுட் படம் பார்க்கிறவராக இருந்தால், அறுபதுகளில் நடக்கும் ஏதாவது ஒரு படத்தில் இதைக் கேட்டிருப்பீர்கள். தும் தும் என்று ஒரு பேஸ் கிடார், ஒரு கைத்தட்டல், 'ஹா' என்று ஒரு பெருமூச்சு. அதுதான்.

1967 நவம்பரில் ஒரு சிங்கிள் வந்து ஊற்றிக்கொண்டது. டிசம்பரில் கலைந்தார்கள். சண்டையில்லை, கோர்ட்டில்லை. கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். 1968 ஏப்ரலில் ஆல்பம் வந்தபோது அதை வாசித்துக் காட்ட ஒரு குழுவே இல்லை.

இந்த இடத்தில் ஒரு நல்ல மனுஷன் வருகிறார். ஆல் கூப்பர் என்ற அமெரிக்க இசைக்கலைஞர். லண்டன் போயிருந்தபோது இந்த ரிக்கார்டை வாங்கி வந்தார். கேட்டார். அப்போது அவர் வேலை பார்த்தது சி.பி.எஸ்-ஸின் அமெரிக்கக் கம்பெனியான கொலம்பியாவில். இதை இங்கே வெளியிட்டே ஆகவேண்டும் என்று முதலாளி கிளைவ் டேவிஸிடம் போய் நின்றார். வெளியிட்டார்கள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. மெல்ல மெல்ல ஒரு ரேடியோ, இரண்டு ரேடியோ என்று பிடித்து, 1969 ஆரம்பத்தில் 'டைம் ஆஃப் த சீஸன்' பில்போர்டில் மூன்றாவது இடம். பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

பாட்டு உச்சத்தில். குழு இல்லை. அமெரிக்க ஏற்பாட்டாளர்கள் பணத்தை நீட்டி 'மறுபடி சேருங்கள்' என்றார்கள். ஆர்ஜென்ட்டும் ஒயிட்டும் அதற்குள் புதுக் குழு வேலையில் இறங்கிவிட்டதால் மறுத்துவிட்டார்கள்.

நிஜம் வரவில்லை என்றால் சந்தை சும்மா இருக்குமா? மிச்சிகனில் ஒரு கம்பெனி, பேருக்கான உரிமை தங்களிடம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு, ஒன்றல்ல, இரண்டு ஜோம்பீஸ் குழுக்களைத் தயார் செய்து அனுப்பியது. ஒன்று மிச்சிகன் பையன்கள். இன்னொன்று டெக்ஸாஸ் பையன்கள். டெக்ஸாஸ் குழுவில் கீபோர்டே கிடையாது. ஆர்கன் இல்லாமல் 'டைம் ஆஃப் த சீஸன்' என்பது நாதஸ்வரம் இல்லாத மேளக் கச்சேரி. ஆனாலும் ஓடியது. பாட்டு ரேடியோவில் வந்ததே தவிர முகம் வரவில்லையே. யாருக்கு என்ன தெரியும்?

டெக்ஸாஸ் நால்வரில் இரண்டு பேர் டஸ்டி ஹில், ஃப்ராங்க் பியர்ட். சீக்கிரமே இவர்கள் ஸீஸீ டாப் என்ற குழுவில் சேர்ந்து உலகப் புகழ் பெற்றார்கள். நெஞ்சு வரை தாடி வைத்த குழு. அதில் நீளத் தாடி இல்லாத ஒரே ஆள் ஃப்ராங்க் பியர்ட். பியர்ட் என்றால் தாடி. பேருக்கும் ஆளுக்கும் சம்பந்தமில்லை என்பதை இவர் இரண்டு தடவை நிரூபித்திருக்கிறார்.

நல்ல வேடிக்கை இன்னும் மிச்சமிருக்கிறது. அதே 1969-ல் பிளன்ஸ்டோன் பாட்டுக்குத் திரும்பினார். தயாரிப்பாளர் யோசனைப்படி பேரை மாற்றிக்கொண்டார். நீல் மெக்கார்தர் என்ற பேரில், தன் குழுவின் பழைய 'ஷீஸ் நாட் தேர்' பாட்டையே மறுபடி பாடி வெளியிட்டார். அதாவது, கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ நாலு பேர் இவர் குழுவின் பேரில் பாடுகிறார்கள். இந்தப் பக்கம் இவர் இல்லாத ஒருவரின் பேரில் தன் பாட்டையே பாடுகிறார். கதையில் எழுதினால் 'ரொம்ப ஓவர் சார்' என்று ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

இப்போது உறுத்தலுக்கு வருகிறேன்.

இருபத்திரண்டு வயதில் நான் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியன். பத்திரிகை இப்போது இல்லை, பேர் வேண்டாம். அதில் ஒரு சினிமா நடிகரின் கேள்வி பதில் பகுதி. நடிகர் பேரும் வேண்டாம். அவர் ஒரு வாரம்கூட ஒரு வரி எழுதியதில்லை. "தம்பி, பதினஞ்சு கேள்வி. சிரிப்பா பத்து, தத்துவமா நாலு, அழுகையா ஒண்ணு" என்பார் ஆசிரியர். நான் எழுதுவேன். அவர் போட்டோவோடு அச்சாகும்.

ஒரு வாரம் ஒரு பையன், ப்ளஸ் டூவில் ஃபெயிலாகிவிட்டதாகவும் வீட்டை விட்டு சென்னைக்கு ஓடிவந்து நடிக்கப் போவதாகவும் எழுதியிருந்தான். அதற்கு நடிகர் - அதாவது நான் - கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதினேன். ஓடி வந்தவர்களில் நீ பார்ப்பது ஜெயித்த ஒருவனை, மற்றவர்கள் எந்த போஸ்டரிலும் இல்லை, அக்டோபரில் மறுபடி எழுது, அப்புறம் பேசலாம் என்று. அடுத்த வருஷம் அவனிடமிருந்து ஒரு இன்லண்ட் லெட்டர். பாஸ் செய்துவிட்டான், பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்துவிட்டது. 'உங்கள் பதிலை வெட்டி ஸ்வாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன், அண்ணா.' அந்த அண்ணா நான் இல்லை. நான்தான். இரண்டும்தான்.

அதனால்தான் அந்த டெக்ஸாஸ் பையன்களை முழு வில்லன்களாக நினைக்க எனக்கு மனசு வரவில்லை. அவர்களுக்கும் இருபது வயதுதான். வேலை கொடுத்தார்கள், போனார்கள். கச்சேரிக்கு வந்த யாரோ ஒரு பெண் அந்த ராத்திரியை வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கலாம். அவள் சந்தோஷத்தில் போலி ஏது? ஆனால் டிக்கெட் காசில் போலி இருக்கிறது. அது எழுதியவனுக்கும் போகவில்லை, பாடியவனுக்கும் போகவில்லை. என் நடிகராவது பேரைத் தெரிந்து கொடுத்தார். பிளன்ஸ்டோனை யார் கேட்டார்கள்? இரவலுக்கும் திருட்டுக்கும் நடுவே ஒரு சம்மதம் இருக்கிறது.

போலிகள் அதோடு விடவில்லை. எண்பதுகளின் கடைசியில் அமெரிக்காவில் இன்னொரு கோஷ்டி அந்தப் பேரையே டிரேட்மார்க் செய்துவிட்டது. நிஜக்காரர்கள் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தார்கள். நாங்கள்தான் நாங்கள் என்று காட்டுவதற்காகவே அவர்களில் சிலர் சேர்ந்து 1991-ல் ஒரு ஆல்பம் போட வேண்டியிருந்தது. தாலுகா ஆபீஸில் 'உயிரோடு இருக்கிறேன்' என்று சான்றிதழ் வாங்கும் பென்ஷன்காரர் மாதிரி.

அப்புறம்தான் ஆச்சரியம். விற்காத அந்த ஆல்பம் வாய் வழியாகப் பரவியது. ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்து, அவர் மற்றவருக்குக் கொடுத்து. 2003-ல் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை எல்லாக் காலத்துக்குமான 500 ஆல்பங்களைப் பட்டியல் போட்டபோது இது 80-வது இடம். ஆர்ஜென்ட்டும் பிளன்ஸ்டோனும் மறுபடி சேர்ந்து ஊர் ஊராகப் போக ஆரம்பித்தார்கள். கிடார்காரர் அட்கின்சன் உடல்நலம் கெட்டிருந்தபோது, 2004 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் அவருக்காக நடந்த நிகழ்ச்சியில் பழைய ஐந்து பேரும் ஒரே மேடையில் வாசித்தார்கள். ஏப்ரலில் அவர் இறந்துபோனார். 2008 மார்ச்சில் லண்டனில் மீதி நால்வரும் அந்த ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை மேடையில் வாசித்தார்கள். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக!

2019 மார்ச் 29-ம் தேதி ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார்கள். விழா நடந்த இடம் புரூக்ளின். 1964 கிறிஸ்துமஸுக்கு முதலில் வந்து நின்ற அதே புரூக்ளின். அன்று பாடிய ஃபாக்ஸ் தியேட்டரை 1971-லேயே இடித்துவிட்டார்கள். மேடை போய்விட்டது, ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒடிஸி என்பது இருபது வருஷம் அலைந்து வீடு திரும்பியவனின் கதை. வீட்டில் வேறு யாரோ உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். எழுத்துப் பிழையோடு பேர் வைத்தாலும் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

2024 ஜூலையில் ராட் ஆர்ஜென்ட்டுக்குப் பக்கவாதம் வந்தது. இனி டூர் இல்லை என்று அறிவித்துவிட்டார். அறுபது வருஷம் கழித்து ஒரு மனுஷன் தானே முடிவு செய்து டூரை நிறுத்துகிறார். 1969-ல் அந்த உரிமைகூட அவரிடம் இருக்கவில்லை.

அந்த இன்லண்ட் லெட்டர் என்னிடம் இன்னும் இருக்கிறது. மேல்விலாசத்தில் நடிகர் பேர். ஒரு தடவை அவரைப் பார்த்தபோது கொடுத்துவிடலாம் என்று பையில் எடுத்துக்கொண்டுதான் போனேன். அரை மணி நேரம் பேசினோம். திரும்பி வரும்போதும் அது பையில்தான் இருந்தது.